பூட்டு வைத்த டி.வி. கேம்

ஒரு விடுகதை போடுகிறேன், விடை சொல்லுங்கள். வாங்குகிறவர் விளையாட மாட்டார். விளையாடுகிறவர் வாங்க மாட்டார். நடுவில் ஒருவன் நின்றுகொண்டு, இரண்டு பேர் மனசும் தனக்குத் தெரியும் என்று சொல்லிச் சம்பளம் வாங்குவான். பொருள் என்ன? நடுவில் நிற்கிறவன் யார்?

அவசரமே இல்லை. வண்டி இப்போதுதான் தாம்பரம் தாண்டியிருக்கிறது. நன்றாக யோசியுங்கள்.

தரகர் என்கிறீர்களா? கிட்டத்தில் வந்துவிட்டீர்கள். எங்கள் சேர்மன் ஒரு தடவை கோபத்தில் என்னை அப்படித்தான் சொன்னார். ஆனால் விடை அது இல்லை. பொருள், டி.வி. கேம். நடுவில் நின்றவன் மார்க்கெட்டிங் மேனேஜர். அதாவது நான். சிவசைலம் என்று பெயர். உங்கள் பையில் ஏதோ கேம் கம்பெனியின் பெயர் இருக்கிறதே என்று பார்த்தேன். மார்க்கெட்டிங் பிரிவு என்று வேறு சொல்லிவிட்டீர்கள். அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டு வர முடியவில்லை. ஓய்வு பெறும்போது நான் என்ன பதவியில் இருந்தேன் என்று மட்டும் இப்போது கேட்காதீர்கள். கதை முடியும்போது உங்களுக்கே தெரிந்துவிடும்.

தொண்ணூற்றிரண்டாம் வருஷம். அம்பத்தூரில் எங்கள் கம்பெனி டி.வி.க்கும் ஃபிரிட்ஜுக்கும் ஸ்டெபிலைசர் செய்துகொண்டிருந்தது. சேர்மன் அருணகிரி தைவானுக்குப் போய்விட்டு வந்தார். போனது டிரான்ஸ்ஃபார்மர் கம்பி வாங்க. கொண்டுவந்தது ஒரு டி.வி. கேம். அதைக் கான்ஃபரன்ஸ் ரூம் மேஜையில் வைத்து, டி.வி.யில் மாட்டி, எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். கணக்குப் பிரிவு ஆட்கள் ஆடினார்கள். டெலிபோன் ஆபரேட்டர் அம்மா ஆடினார். எங்கள் இன்ஜினியர் தேவசகாயம் நாகர்கோவில்காரர், பேசவே யோசிக்கிற மனிதர், அவர் ஒரு மணி நேரம் ஜாய்ஸ்டிக்கைக் கீழே வைக்கவில்லை. சேர்மனே நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து ஆடினார், திரையில் கார் வளைந்தால் இவரும் வளைந்தார்.

நான் ஆடவில்லை. நான் அது வந்த அட்டைப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொருளை யார் வேண்டுமானாலும் பார்ப்பார்கள், அட்டைப்பெட்டியைப் பார்க்கிறவன்தான் மார்க்கெட்டிங் ஆள் என்று அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொன்னேன். சேர்மன் தலையாட்டினார். அந்த ஒரு தலையாட்டலை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் வண்டி ஓட்டினேன்.

எங்கள் கேமுக்கு 'வீரா' என்று பெயர் வைத்தோம். அதே சமயத்தில் கோயம்புத்தூரில் ஒரு அம்மாள் 'ஜிம்போ' என்று ஒன்றை இறக்கினார். பத்மலோசனி என்று பெயர். கிரைண்டர் மோட்டார் செய்துகொண்டிருந்த குடும்பம். கணவர் இறந்த பிறகு தொழிலைக் கையில் எடுத்தவர். இரண்டு பெட்டிக்குள்ளேயும் இருந்தது ஒரே தைவான் சரக்குதான். நிறம் வேறு, பெயர் வேறு. ஆக, சண்டை முழுக்க மார்க்கெட்டிங் சண்டை. என் சண்டை. அப்படித்தான் நான் நினைத்தேன்.

முதலில் சர்வே எடுத்தேன். சென்னை, திருச்சி, மதுரை, மூன்று ஊரிலும் சேர்த்து இருநூறு வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் போவேன், அப்போதுதான் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள். முப்பத்து நான்கு கேள்வி. வீட்டில் டி.வி. எங்கே இருக்கிறது, யார் ஆன் பண்ணுவது, பரீட்சை சமயத்தில் கேபிளைத் துண்டிப்பீர்களா, எல்லாம் கேட்டேன். அப்பா சோபாவில் உட்கார்ந்து பதில் சொல்வார். அம்மா காபி கொண்டுவருவார். பிள்ளைகள் கதவோரம் வந்து எட்டிப் பார்க்கும். "பெரியவங்க பேசிட்டு இருக்கோம்ல, உள்ளே போங்க" என்று அப்பா விரட்டுவார். நான் அதுகள் உள்ளே போகும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போவேன். நடுவில் யாரும் குறுக்கிடக் கூடாது இல்லையா?

இருநூறு வீடு, முப்பத்து நான்கு கேள்வி. ஒரு பிள்ளையிடம் ஒரு கேள்வி கேட்டிருப்பேனா? நீங்கள் சிரிக்கிறீர்கள். அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. அந்த ரிப்போர்ட்டை பைண்டிங் பண்ணி அலமாரியில் வைத்திருந்தோம்.

மதுரையில், அரசரடி பக்கம் ஒரு வீடு. அந்த அப்பா ஒரு தலைமை எழுத்தர். டெலிபோன் டயலில் ஒரு குட்டிப் பூட்டு. ஃபிரிட்ஜில் ஒரு பூட்டு. டி.வி. மரப்பெட்டிக்குள் இருந்தது, மடக்குக் கதவு போட்டு அதற்கும் ஒரு பூட்டு. இப்போது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அந்தக் காலத்தில் பாதி வீட்டில் அப்படித்தான். சாவிக்கொத்து அவர் பனியனுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. டி.வி. கேம் வாங்குவீர்களா என்று கேட்டேன். படிப்பு கெட்டுவிடும் என்றார். இருநூறு பேரில் நூற்று எண்பது பேர் சொன்ன பதில்தான் அது. நான் எழுதிக்கொண்டு எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து சொன்னார்.

"இதுக்கும் ஒரு பூட்டு இருந்தா வாங்கலாம்."

அந்த யோசனை ரயிலில் திரும்பி வரும்போது என்னுடையதாகிவிட்டது. எழும்பூரில் இறங்கும்போது அது பல வருஷமாக என் மனதில் இருந்த யோசனை என்றே நானே நம்பிவிட்டேன்.

பூட்டு வைத்த டி.வி. கேம். உலகத்திலேயே முதல் தடவை என்று சேர்மனிடம் சொன்னேன். உலகத்தில் வேறு யாரும் ஏன் வைக்கவில்லை என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒரு சாவித் துவாரம். பூட்டினால் கேமுக்குள் கரன்ட் போகாது. பூட்டுக்குத் திண்டுக்கல்லில் ஒரு பட்டறையைப் பிடித்தோம். அருமையான பூட்டு. அதில் குறையே சொல்ல முடியாது. இன்றைக்கும் இந்த வண்டி திண்டுக்கல்லில் நிற்கும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. ஒரு பெட்டிக்கு ஒரே ஒரு சாவி. இரண்டாவது சாவி கொடுத்தால் அது பிள்ளைகள் கைக்குப் போய்விடும் என்று நான்தான் தடுத்தேன்.

தேவசகாயம் ஒருவர்தான் தயங்கினார். என் அறைக்கு வந்து, நின்றுகொண்டே சொன்னார்.

"சார், பெட்டியில நமக்கு ஒண்ணும் நிக்காது. போட்ட காசுக்குத்தான் விக்கோம். கேசட்லதான் லாபம். பூட்டி வச்ச பெட்டிக்கு எவன் சார் கேசட் வாங்குவான்?"

கேசட் என்றால் பாட்டு கேசட் இல்லை. கேமின் தலையில் செருகுவது. ஒரு கேசட்டில் ஒரு ஆட்டம். ஆடி முடித்த பிள்ளை அடுத்தது கேட்கும், அதுதான் வியாபாரம். தேவசகாயம் ஒரே வரியில் சொல்லிவிட்டார். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா?

"நீங்க சால்டரிங்கைப் பாருங்க தேவசகாயம். நாடியை நான் பாத்துக்கறேன்."

நாடி என்பது அப்போது எனக்குப் பிடித்த சொல். வாடிக்கையாளர் நாடி, பெற்றோர் நாடி, சந்தையின் நாடி. ஒரு கூட்டத்தில் ஏழு தடவை சொன்னேன் என்று டெலிபோன் ஆபரேட்டர் அம்மா எண்ணிச் சொன்னார்.

விளம்பரத்தைக் கேளுங்கள். அதில் மட்டும் எனக்கு இன்னும் கொஞ்சம் பெருமை இருக்கிறது, மறைப்பானேன். வெள்ளைச் சட்டை போட்ட ஓர் அப்பா. முகத்தில் சிரிப்பு. கையை உயர்த்தி ஒரு சாவியைக் காட்டுகிறார். கீழே, 'சாவி உங்கள் கையில்.' அவ்வளவுதான். படத்தில் ஒரு பெண்குழந்தையும் இருந்தது. அது டி.வி.யைப் பார்க்கவில்லை, கேமைப் பார்க்கவில்லை. அப்பாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. போட்டோ எடுத்தவர் அப்படி நிற்க வைத்திருந்தார். அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை.

பத்மலோசனி அம்மாள் விளம்பரமே கொடுக்கவில்லை. டி.வி. விற்கிற கடைகளின் வாசலில் ஒரு ஜிம்போவை மாட்டி, இரண்டு ஜாய்ஸ்டிக்கை வைத்து, முன்னால் ஒரு மர பெஞ்சைப் போட்டார். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் சும்மா உட்கார்ந்து ஆடலாம். அவ்வளவுதான் அவர் செய்தது. பெஞ்ச் போட்டார். நான் இதை எங்கள் கூட்டத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தேன். எதிராளி மார்க்கெட்டிங்குக்குப் பதில் தச்சரைப் பிடித்திருக்கிறார் என்றேன்.

தீபாவளி வந்தது. வீரா விற்ற விற்பனையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள். பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாவியைப் போட்டுப் பூட்டிப் பார்ப்பார்கள். திறந்து பார்ப்பார்கள். மறுபடி பூட்டிப் பார்ப்பார்கள். கடைக்காரர் டி.வி.யில் மாட்டிக் காட்டட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்பார்கள். கேம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பொங்கலுக்கு முன்னால் முழுச் சரக்கும் தீர்ந்தது. சேர்மன் எனக்கு ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார். அடுத்த வருஷம் டைரக்டர் ஆக்குகிறேன் என்றார். என் மனைவி சொர்ணம் அந்த விளக்கை ஒரு நாள் ஏற்றிவிட்டு பீரோவில் வைத்துப் பூட்டினாள். எங்கள் வீட்டிலும் பூட்டுக்குப் பஞ்சமில்லை.

பொங்கலுக்குப் பிறகு கேசட் விற்கவில்லை.

குறைவாக விற்றது என்று சொல்லவில்லை. விற்கவே இல்லை. கடைக்காரர்கள் கட்டுப் பிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். ஜிம்போ கேசட் என்றால் பிள்ளைகள் தெருவுக்குத் தெரு மாற்றிக்கொள்கிறார்கள், கடையில் புதுசு வந்ததா என்று தினமும் வந்து நச்சரிக்கிறார்கள். நம் கேசட்டைக் கேட்டு ஒரு பிள்ளை வரவில்லை. ஏன் என்று பார்க்க நானே கிளம்பினேன். முதலில் போனது அரசரடித் தலைமை எழுத்தர் வீட்டுக்கு. அவர்தான் மதுரையில் முதல் வீராவை வாங்கியவர்.

வாங்க வாங்க என்று உள்ளே கூட்டிப்போனார். ஷோகேசில், கல்யாணப் போட்டோவுக்கும் கொண்டப்பள்ளி பொம்மைக்கும் நடுவில், பூ வேலை செய்த துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது எங்கள் வீரா. துணியைத் தூக்கிக் காட்டினார். மேலே ஒட்டி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

"ஒரு கீறல் இல்ல, பாத்தீங்களா? முழுப்பரீட்சை முடியட்டும்னு சொல்லிருக்கேன்."

இதைக் கேட்டு நான் பயந்திருக்க வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. நம் பொருளை எவ்வளவு மரியாதையாக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அப்படி இன்னும் முப்பது வீடு பார்த்தேன். எல்லா வீட்டிலும் துணி. சில வீட்டில் பொங்கல் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு.

சரி, என் வீட்டுக்கு வருவோம். எனக்கு ஒரே மகள். காந்திமதி. மதி என்று கூப்பிடுவோம். அப்போது ஒன்பது வயது. கம்பெனியின் முதல் வீரா, நம்பர் ஒன்று என்று பொறித்தது, எங்கள் வீட்டில்தான் இருந்தது. சாவி என் சட்டைப்பையில். மாதத்தில் இருபது நாள் நான் டூர். அதனால் சாவியும் டூர். அது பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் கிடையாது. ஊரில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையில் அரை மணி நேரம் திறந்துவிடுவேன். பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இடது பக்கம் போ, குதி, இப்போது சுடு என்று சொல்லிக்கொடுப்பேன். நான் ஆடியதில்லை, ஆனால் சொல்லிக்கொடுப்பதற்கு ஆட வேண்டும் என்று இல்லையே. பத்து நிமிஷம் ஆடிவிட்டு மதி "போதும்பா" என்று எழுந்துவிடுவாள்.

அதை நான் ரிப்போர்ட்டில் எழுதினேன். 'வீரா வைத்திருக்கும் குழந்தைகள் பத்து நிமிடத்தில் தாமாகவே நிறுத்திக்கொள்கிறார்கள். சுயகட்டுப்பாடு வளர்கிறது.' அந்த வாக்கியம் கம்பெனி நோட்டீசில்கூட வந்தது.

ஒரு நாள் டூர் சீக்கிரம் முடிந்து சாயங்காலமே வில்லிவாக்கம் வந்துவிட்டேன். நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஒரு ரயில்வே குடும்பம், அவர்களிடம் ஜிம்போ இருந்தது. படியில் கால் வைக்கும்போது உள்ளே ஒரே கூச்சல். ஒரு பெண்குழந்தை தொண்டை கிழியக் கத்துகிறது, சிரிக்கிறது, ஏய் விடாதே விடாதே என்கிறது. பூட்டு இல்லாத வீட்டில் பிள்ளைகள் எப்படிக் கெட்டுப்போகிறார்கள் பார் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன். சொர்ணத்திடமும் சொன்னேன். அவள் என் பெட்டியை வாங்கி வைத்தாள். மதி எங்கே என்று கேட்டேன்.

"ஹிந்தி டியூஷன்" என்றாள்.

டியூஷன் எங்கே என்று கேட்டேனா? கேட்கவில்லை. கீழே கேட்ட குரல் யாருடையது என்று எனக்குப் புரிய இன்னும் சில வருஷம் ஆயிற்று. வீட்டில் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. அதனால் குரல் தெரியவில்லை. இதை நான் வேடிக்கையாகத்தான் எல்லோரிடமும் சொல்வது.

ஏப்ரலில் ஒரு டி.வி. கடை திறப்புவிழாவில் பத்மலோசனி அம்மாளை நேரில் பார்த்தேன். பருத்திப் புடவை, கையில் ஒரு மஞ்சப்பை. நான்தான் வீரா சிவசைலம் என்று போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன். கும்பிட்டார். பூட்டு நல்ல வேலைப்பாடு என்று பாராட்டினார். பிறகு கேட்டார்.

"ஏனுங்க, உங்க கேமை நீங்க ஒருக்காவாச்சும் ஆடிப் பாத்திருக்கீங்களா?"

"காரை விக்கறவன் ரேஸ் ஓட்டணும்னு இருக்கா மேடம்?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ரேஸ் எதுக்குங்க. ஏறி உக்காந்தாச்சும் பாக்கோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டு, வடை எடுத்துக்கொள்ளப் போய்விட்டார்.

மே மாதம் டைரக்டர்கள் கூட்டம். அடுத்த தீபாவளிக்கு இருபதாயிரம் பெட்டி செய்வது என்று முடிவு. எப்படிச் செய்வது என்பதுதான் பிரச்சினை. என் பக்கம், பூட்டோடு. தேவசகாயம் பக்கம், பூட்டை எடுத்துவிட்டு அந்தக் காசில் இரண்டாவது ஜாய்ஸ்டிக். நான் போன தீபாவளி விற்பனையைக் காட்டினேன். அவர் திரும்பி வந்த கேசட் கட்டைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மூன்று மணி நேரம் போயிற்று. நான்கு டைரக்டர்களில் இரண்டு பேர் என் பக்கம், இரண்டு பேர் அவர் பக்கம். சேர்மன் தெளிவாகச் சொல்லிவிட்டார். இந்தத் தடவை தப்பானால் கேம் பிரிவையே மூட வேண்டியதுதான். பூட்டு என்று முடிவானால் சிவசைலம் டைரக்டர், பிரிவு முழுக்க அவர் கையில். பூட்டு இல்லை என்றால் தேவசகாயம் கையில்.

முடிவு யார் எடுப்பது? எல்லோரும் சேர்மனைப் பார்த்தோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளிக்கிழமை பூக்கட்டிப் பாத்துடுவோம்" என்றார்.

உங்களுக்கு அது தெரியுமா? எங்கள் பக்கமெல்லாம் உண்டு. ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ. இலையில் சுற்றி, நூல் கட்டி, சாமி முன்னால் தட்டில் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எது வருகிறதோ அதுதான் உத்தரவு. வரன் பார்க்க, நிலம் வாங்க என்று செய்வார்கள். அருணகிரி அம்பத்தூர் இடம் வாங்கியதும் அப்படித்தான், தைவானுக்குப் போனதும் அப்படித்தான். பைண்டிங் பண்ணிய என் சர்வேயும் தேவசகாயத்தின் கேசட்டும் மேஜைமேல் இருக்க, இருபதாயிரம் பெட்டியின் தலைவிதியை இலைப் பொட்டலத்திடம் ஒப்படைத்தோம். வெள்ளை வந்தால் பூட்டு. சிவப்பு வந்தால் பூட்டு கிடையாது.

எந்தக் குழந்தை என்ற பேச்சு வந்தது. "உங்க மகளையே கூட்டிட்டு வாங்க சிவசைலம்" என்றார் சேர்மன். தேவசகாயத்தைப் பார்த்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு மனிதர்கள்மேல் நம்பிக்கை அதிகம்.

எனக்குத் தெய்வ நம்பிக்கை உண்டு. ஆனால் மார்க்கெட்டிங் ஆள் எதையும் அதன் போக்கில் விட்டுவிடக் கூடாது என்றும் நம்பிக்கை உண்டு. வியாழக்கிழமையே எங்கள் ஃபேக்டரி வாசல் பிள்ளையார் கோயில் குருக்களைப் போய்ப் பார்த்தேன். வெள்ளைப் பூப் பொட்டலத்துக்கு இரண்டு சுற்று நூல், சிவப்புக்கு ஒரு சுற்று. அவ்வளவுதான் என் விண்ணப்பம். எதற்கு என்று கேட்டார். ஓர் அடையாளத்துக்கு என்றேன். அவர் பேரனுக்கு ஒரு வீரா கொண்டுபோயிருந்தேன். குருக்கள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"பூட்டு இல்லாதது இருக்கா?" என்று கேட்டார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. பள்ளிக்கூடம் லீவு. மதிக்குத் தலை பின்னி, பச்சைப் பாவாடை கட்டி விட்டாள் சொர்ணம். ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நல்ல சமயம் என்று அங்கேதான் அவளிடம் சொன்னேன். தட்டில் இரண்டு பொட்டலம் இருக்கும், இரண்டு சுற்று நூல் சுற்றியதை நீ எடுக்க வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்றேன்.

"அதுக்குள்ள என்னப்பா?"

"வெள்ளைப் பூ."

"வெள்ளைப் பூ வந்தா என்ன?"

வேறு யாராவது கேட்டிருந்தால் பேச்சை மாற்றியிருப்பேன். குழந்தைதானே என்று உள்ளதைச் சொன்னேன். நம் வீட்டுக் கேம் மாதிரியே பூட்டோடு இருபதாயிரம் வீட்டுக்குப் போகும், ஒவ்வொரு வீட்டிலும் அப்பாவிடம் சாவி இருக்கும் என்றேன்.

"இன்னொண்ணு வந்தா?"

"பூட்டு இருக்காது. ரெண்டு ஜாய்ஸ்டிக் இருக்கும். அப்பா டைரக்டர் ஆக முடியாது."

அவள் கேட்டுக்கு அந்தப் பக்கம் போகிற கூட்ஸ் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. சரியாக எடுத்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி இல்லை, முழுதாக ஒரு மணி நேரம் திறந்துவிடுகிறேன் என்றேன். சட்டைப்பையில் சாவியைத் தட்டியும் காட்டினேன். அவள் திரும்பி என் கையைப் பார்த்தாள்.

"என்ன சொன்னேன், சொல்லு பாப்போம்."

"ரெண்டு சுத்து" என்றாள்.

"எண்ணிப் பாத்து எடுப்பியா?"

"எண்ணத் தெரியும்பா."

கேட் திறந்தது.

பிள்ளையார் முன்னால் எல்லோரும் வந்துவிட்டார்கள். சேர்மன், நான்கு டைரக்டர்கள். தேவசகாயம் செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். கம்பெனி ஆட்கள் இருபது முப்பது பேர் வெயிலில் நின்றார்கள், கேம் பிரிவில் சால்டரிங் செய்கிற பெண்களும் இருந்தார்கள். பிரிவை மூடினால் முதலில் வீட்டுக்குப் போகப்போகிறவர்கள் அவர்கள்தான். குருக்கள் பொட்டலங்களைத் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டினார். எனக்கு இடம் சரியாக அமைந்திருந்தது, நூல் தெளிவாகத் தெரிந்தது. ஒன்றில் இரண்டு சுற்று. ஒன்றில் ஒரு சுற்று.

"எடும்மா கொழந்தே" என்றார் குருக்கள்.

மதி தட்டுப் பக்கத்தில் போனாள். குனிந்து பார்த்தாள். விரலை வைத்து ஒரு பொட்டலத்தின் நூலை எண்ணினாள். மற்றதன் நூலையும் எண்ணினாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் லேசாகத் தலையசைத்தேன்.

அவள் ஒரு சுற்றுச் சுற்றியிருந்ததை எடுத்துச் சேர்மன் கையில் கொடுத்தாள்.